படத்தகடும் உறைகிணறும்: எழும்பூர்ப் புனித ஆந்திரேயர் ஆலய முகப்பின் வரைபட மூலம்

சென்னை எழும்பூரிலுள்ள புனித ஆந்திரேயர் ஆலயம் (1818–1821) இலண்டன் புனித மார்ட்டின் ஆலயத்தின் படி என்றே பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. இக்கூற்று பாதியளவே உண்மை. முகப்பை நோக்குவோர்க்கு அது பொருந்தும். உள்ளே நுழைந்தோர்க்குப் பொருந்தாது. இலண்டன் ஆலயம் நீள்சதுரமானது. எழும்பூர் ஆலயத்தின் நடுக்கூடமோ ஏறத்தாழ 81 அடி விட்டமுடைய வட்டம். இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கட்டடங்களை ஒப்பிட்டு அறிய இயலாது; ஒரு நூலின் படத்தகடுகளில் தேடவேண்டும்.

புனித மார்ட்டின் ஆலயத்தைக் கட்டிய ஜேம்ஸ் கிப்ஸ் 1728இல் தம் வரைபடங்களைச் செப்புத் தகடுகளில் பொறித்து நூலாக வெளியிட்டார். கட்டி முடிக்கப்பட்ட வடிவத்தோடு, அதற்கு முன் அவர் வரைந்த வட்டவடிவத் திட்டங்களும் அதில் இடம்பெற்றன. அவை ஏற்கப்பட்டும் செலவு மிகுதி கருதிக் கைவிடப்பட்டவை என்பதைக் கிப்ஸே பதிவு செய்துள்ளார். கும்பினியின் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலாண்ட், இலண்டன் செல்வத்துக்கு இயலாததெனக் கைவிடப்பட்ட அத்திட்டத்தைச் சென்னையில் எழுப்பினார். ஆகவே எழும்பூர் ஆலயம் ஒரு கட்டடத்தின் படியன்று. ஒரு நூலின் வாசிப்பு.

அதே நூலின் செல்வாக்கு இதற்கு முன்னரே சென்னைக்கு வந்திருந்தது. 1816இல் அருட்பொழிவு பெற்ற புனித ஜார்ஜ் ஆலயத்தின் தூண் மண்டபமும் அதன் மேலெழும் கூர்கோபுரமும் அம்மரபினவே. அதனை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர். இடையன்குடி கால்டுவெல்லோடு இவரை மயங்குதல் கூடாது. அப்பணியை நிறைவேற்றியவர் டி ஹாவிலாண்டே.

கட்டடக் கலைஞர் கிடைக்காத தொலைவிடங்களுக்குத் தம் நூல் உதவும் என்றும், கோடறிந்த எந்த வேலையாளும் அதனைக் கொண்டு கட்டலாம் என்றும் கிப்ஸ் கருதினார். எழும்பூர் இக்கருத்தைச் சோதனைக்கு உட்படுத்திய இடம். நீர் தேங்கும் இளகிய நிலத்தில் எவ்வாறு கடைகால் இடுவது என்பதற்குத் தகட்டில் விடையில்லை. விடை தமிழகக் கிணறுவெட்டும் தொழிலில் இருந்தது. வட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் முறை கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழ்வில் வெளிப்பட்ட பழமையுடையது. கிணறுகளை இறக்கி நிரப்பி, அவற்றின்மீதே ஆலயம் நிறுத்தப்பட்டது. கறையானுக்கு இரையாகும் மரக்கூரைக்கு மாற்றாகப் பதினாறு கொரிந்தியத் தூண்களின்மேல் கட்டுமானக் குவிமாடம் அமைந்தது. செங்கல் வளைவில் டி ஹாவிலாண்டுக்கு இருந்த துணிவு முன்னரே அறியப்பட்டது. 1808இல் சீரங்கப்பட்டணத்தில் நூறடிக்கும் மேல் அகன்ற தனி வளைவொன்றை அவர் எழுப்பிக் காட்டினார். அது 1936 வரை நின்றது.

முகப்பிலும் மாற்றமுண்டு. இலண்டன் முகப்பின் கொரிந்தியத் தூண்கள் எழும்பூரில் அயோனியமாயின. போர்ட்லாந்துக் கல் தரும் வெண்மையைச் சிப்பிச் சுண்ணாம்பு தந்தது. பளிங்கென மயங்கத்தக்க அம்மெருகைத் தேய்த்து உருவாக்கிய கொற்றர்களின் பெயர்கள் முகப்பில் இல்லை. படி என்னும் சொல் மறைப்பது அவர்களையே.

இங்கு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் போன்றவற்றை எழுப்பிய தபதியர் அச்சிட்ட தகடுகளை நம்பியவரல்லர். அளவை விகிதங்களை நூற்பாவாகவும் கைப்பயிற்சியாகவும் கொண்டவர். ஆயினும் தூணின் ஓர் உறுப்பை அளவாக்கி அதன் மடங்குகளால் முழுமையை வகுக்கும் நெறி இரு மரபுக்கும் பொதுவானது. ஆகவே அயோனியத் தூண் நம் கொற்றர்க்கு உருவத்தில் புதிதாயினும், அதனை வகுக்கும் முறை முற்றிலும் அயலாக இருந்திருக்காது எனக் கருத இடமுண்டு.

இவ்வொப்பீட்டை முதலில் விரிவாகச் செய்தவர் தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ். மானசாரம் முதலிய சிற்பநூல்களை ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல், அவர் மறைந்தபின் 1834இல் இலண்டனில் வெளியாயிற்று. அதில் தென்னாட்டுத் தூண்களும் விமானங்களும் கோபுரங்களும், கிப்ஸ் தம் முகப்புகளை வரைந்த அதே முறையில், அளவிட்ட கோட்டுப் படத்தகடுகளாக அச்சேறின.