கடை தேடுவோரும் கடைப் பட்டியலும்

அறிமுகம் இல்லாத ஒருவர் ஒரு கடையைத் தேடி வர வேண்டுமானால், அந்தக் கடையின் பெயரும் இடமும் தொழிலும் ஏதாவதொரு பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். இன்று அந்தப் பட்டியல் பெரும்பாலும் கூகுளிடம் இருக்கிறது. பக்கத்தில் ஏசி மெக்கானிக் யார் என்று கைப்பேசியில் கேட்டால், வரைபடத்தோடு மூன்று பெயர்கள் வந்துவிடுகின்றன. பட்டியலைத் தொகுப்பது யார், யார் பெயர் மேலே வரும், மேலே வரக் காசு கொடுக்கலாமா? இந்தக் கேள்விகள் இணையத்தோடு பிறந்தவை அல்ல. சிறு வணிகர்கள் சில நூற்றாண்டுகளாகவே இவற்றோடு மல்லுக்கட்டி வருகிறார்கள்.

பட்டியலுக்கு முன்னால் அடையாளங்கள் இருந்தன. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்தைக் கொடி சொல்லிவிடும். ஐரோப்பிய நகரங்களில் அந்த வேலையைப் படம் வரைந்த தொங்கு பலகைகள் செய்தன. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அவை புரிந்தன. ஆனால் அடையாளத்தைப் பார்க்க அந்தத் தெருவுக்கே வந்தாக வேண்டும். தூரத்தில் இருப்பவருக்குக் கடை இருப்பதே தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க 1630 வாக்கில் பாரிஸில் ஒரு பதிவகம் உருவானது. தியோஃப்ராஸ்ட் ரெனோதோ என்ற மருத்துவர் நடத்திய அந்த இடத்தில் வேலை தேடுவோர், ஆள் தேடுவோர், விற்போர், வாங்குவோர் எல்லோரும் தங்கள் தேவையைப் பேரேட்டில் எழுதி வைக்கலாம். பிறர் எழுதியதைக் கேட்டு அறியலாம். நகரத்துக்கு இப்படியோர் அலுவலகம் வேண்டும் என்று தம் தந்தை விரும்பியதாகப் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் தம் கட்டுரைகளில் எழுதி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகே அது கைகூடியது. லண்டனில் 1677இல் சாமுவேல் லீ என்பவர் வணிகர்களின் பெயர்களை அகரவரிசையில் தொகுத்துச் சிறு நூலாக வெளியிட்டார். வீடுகளுக்கு எண் இல்லாத காலம் அது. தெருவின் பெயரைத்தான் தர முடிந்தது. அடுத்த நூற்றாண்டின் அறுபதுகளில், நீட்டிக்கொண்டிருந்த பலகைகளை அகற்றச் சட்டம் வந்து, கதவெண்கள் பரவிய பிறகுதான் ஒரு கடையின் இருப்பிடத்தைக் காகிதத்தில் துல்லியமாக எழுத முடிந்தது.

தொகுப்பதில் உள்ள கடினம் தகவல் திரட்டுவதில்தான் இருக்கிறது. கடைகள் இடம் மாறும், கைமாறும், மூடும். 1836 முதல் லண்டன் அஞ்சலக டைரக்டரியை நடத்திய பிரெடெரிக் கெல்லி அஞ்சல் துறை அதிகாரி. கடிதம் கொடுக்கப் போகும் தபால்காரர்களைக் கொண்டே அவர் தகவல் சேகரித்தார். தெருவை நாள்தோறும் நடப்பவருக்கு மேலான கணக்கெடுப்பாளர் கிடைப்பது அரிது. ஆனால் அரசு ஊழியர்களைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாக எதிர்ப்பு கிளம்பவே, பின்னர் தனி ஆட்களை அமர்த்த வேண்டியதாயிற்று. இதே காலகட்டத்தில் கல்கத்தாவில் தாக்கர் டைரக்டரியும், சென்னை மவுண்ட் ரோட்டில் லாரன்ஸ் அசைலம் அச்சகத்தின் பஞ்சாங்க டைரக்டரியும் வெளிவந்தன. அவை ஆங்கிலம் படிக்கும் வட்டத்துக்காக அச்சானவை. தெருமுனைத் தையற்காரருக்கும் பாத்திரக்கடைக்காரருக்கும் வாய்மொழியே விளம்பரமாக இருந்தது.

தொலைபேசி வந்ததும் பட்டியலின் தன்மை மாறியது. 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியான முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே அட்டை. அதில் இருந்தவை 50 பதிவுகள். வணிகங்களைத் தொழில்வாரியாகப் பிரித்து அச்சிடும் மஞ்சள் பக்கங்கள் 1880களில் தோன்றின. வயோமிங் மாநிலத்தின் ஷையனில் அச்சகத்தாரிடம் வெள்ளைத் தாள் தீர்ந்து மஞ்சள் தாளில் அச்சடித்ததால் அந்த நிறம் நிலைத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1886இல் சிகாகோவில் ரூபன் டானெலி மஞ்சள் பக்கங்களை முறையான தொழிலாக்கினார். பெயர் இலவசமாக ஏறும். தடித்த எழுத்துக்கும் கட்டம் கட்டிய விளம்பரத்துக்கும் பணம். அச்சான பிழையை அடுத்த பதிப்பு வரும்வரை திருத்த முடியாது. அகரவரிசையில் முதலில் நிற்பதற்காகக் குழாய் வேலைக்காரர்களும் பூட்டுக்காரர்களும் தங்கள் நிறுவனத்துக்கு 'ஏஏஏ' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தேடல் முடிவில் மேலே வருவதற்காகச் செய்யும் வேலையின் முதல் வடிவம் அதுதான்.

இந்தியாவில் தொலைபேசிப் பட்டியல் அரசின் உடைமையாக இருந்தது. மும்பையிலும் டெல்லியிலும் எம்.டி.என்.எல். நிறுவனம் 1986 வரை வெள்ளைப் பக்கங்களை மட்டும் வெளியிட்டது. 1987 முதல் வெளி ஒப்பந்தக்காரர்கள் விளம்பரம் திரட்டி மஞ்சள் பக்கங்களை இணைக்க அனுமதித்தது. டாடா பிரஸ் நிறுவனம் தனியாக ஒரு மஞ்சள் பக்க நூலை வெளியிட்டபோது, பட்டியல் அச்சிடும் உரிமை தனக்கே உரியது என்று எம்.டி.என்.எல். வழக்குத் தொடுத்தது. மும்பை உயர் நீதிமன்றத்தில் தோற்ற டாடா பிரஸ், 1995 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. வணிக விளம்பரமும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் பேச்சுரிமைக்குள் அடங்கும், அந்தத் தகவலைப் பெறும் உரிமை பொதுமக்களுக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. தொலைபேசிச் சந்தாதாரர் பட்டியலைப் போன்றதை மட்டும் பிறர் அச்சிடக் கூடாது. கட்டண விளம்பரங்களின் தொகுப்பைத் தாராளமாக வெளியிடலாம். தன் கடை எங்கே இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது வணிகரின் அடிப்படை உரிமை என்றான அந்தத் தீர்ப்பு, இந்தியச் சிறு வணிகத்தின் வரலாற்றில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

அடுத்த ஆண்டே மும்பையில் வி.எஸ்.எஸ். மணி தொடங்கிய ஜஸ்ட் டயல், கனத்த புத்தகத்தைத் தொலைபேசிக் குரலாக மாற்றியது. எட்டுகள் மட்டுமே கொண்ட அதன் எண்ணை ஒருமுறை கேட்டால் மறக்காது. அழைப்பவர் பகுதியையும் தேவையையும் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் கணினியைப் பார்த்துச் சில பெயர்களையும் எண்களையும் வாசிப்பார். தகவல் கேட்டவருக்குச் செலவில்லை. முதலில் வாசிக்கப்படும் இடத்துக்கு வணிகர் பணம் கட்டினார். படிக்கத் தெரியாதவரும் தேடக்கூடிய பட்டியல் இது. 1998இல் அமெரிக்க இந்தியர்களின் சமூகத் தளமாகத் தொடங்கிய சுலேகாவும் பின்னாளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உள்ளூர்ச் சேவைகளின் பட்டியலாக மாறியது.

கூகுள் 2004இல் உள்ளூர்த் தேடலையும், 2005 பிப்ரவரியில் வரைபடத்தையும் கொண்டுவந்தது. அதே 2005இல் கடைக்காரர் தாமே தம் விவரங்களைப் பதிய வழி செய்தது. அந்தச் சேவை பெயர் மேல் பெயராக மாறி, 2014இல் கூகுள் மை பிசினஸ், 2021 முதல் பிசினஸ் புரொஃபைல் என்று வழங்குகிறது. கடை உண்மையில் அங்கேதான் இருக்கிறதா என்று உறுதி செய்ய நெடுங்காலம் பயன்பட்டது தபால். பதிந்த முகவரிக்கு ஓர் அட்டை வரும்; அதில் அச்சான ஐந்து இலக்க எண்ணைக் கணினியில் தட்டினால்தான் பதிவு செல்லும்.

சென்னையில் அந்த அட்டை சரியான கதவைத் தட்டுவதே சில சமயம் பெரும்பாடாக இருந்தது. ஒரே கட்டடத்துக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் உண்டு. ஒரு பட்டியலில் பழைய எண்ணும், இன்னொன்றில் புதிய எண்ணும், மூன்றாவதில் துண்டிக்கப்பட்ட தரைவழித் தொலைபேசியும் இருந்தால், மூன்றும் ஒரே கடைதானா என்று தேடுபொறிக்கு ஐயம் வந்துவிடும். ஆகவே பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவதே இந்தத் தொழிலின் பாலபாடம். தெருப் பெயரைவிடப் பிள்ளையார் கோயிலும் பெட்ரோல் பங்க்கும் வழிகாட்டும் நாடு இது என்பதை உணர்ந்து, கூகுளும் 2009இல் இந்தியாவுக்கென்று அடையாள இடங்களைச் சொல்லி வழிகாட்டும் முறையைச் சேர்த்தது.

உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்தக் கூகுள் சொல்லும் அளவைகள் மூன்று: தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடையின் பிரபலம். இந்த வரிசையில் காசு கொடுத்து மேலே வர முடியாது என்றும் அது அறிவித்திருக்கிறது, விளம்பரம் தனி. சரியான தொழில் வகையைத் தேர்வதும், திறக்கும் மூடும் நேரத்தைப் பண்டிகை நாளிலும் சரியாக வைத்திருப்பதும், கடையின் புகைப்படங்களை ஏற்றுவதும் செலவில்லாமல் கடைக்காரரே செய்யக்கூடியவை. 2015 ஆகஸ்டில் முதல் பக்கத்தில் காட்டும் கடைகள் ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தபோது போட்டி கடுமையானது. இதற்கென்றே ஆலோசகர்களும் முகமைகளும் பெருகினார்கள். குறுக்குவழிகளும் பெருகின. கடைப் பெயரோடு ஊர்ப் பெயரையும் தொழிலையும் ஒட்டி நீட்டி எழுதுவது விதிமீறல் என்றாலும் பலன் தந்தது. 2021 இறுதியில் வந்த மாற்றம் தூரத்துக்குக் கூடுதல் எடை கொடுத்து அந்தப் பலனைப் பெரிதும் குறைத்தது.

பிரபலத்தை அளக்கும் பெரிய கருவி வாடிக்கையாளர் தரும் நட்சத்திரம். 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய யெல்ப் இதை உணவகங்களுக்குப் பரப்பியது. சியாட்டில் உணவகங்களை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூக்கா, ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாக 2011இல் கண்டார். அந்தப் பலன் தனி உணவகங்களுக்கே கிடைத்தது, தொடர் நிறுவனங்களுக்கு அல்ல. பெயர்பெற்ற கிளையைப் பற்றி மக்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத கடையைத்தான் பிறர் சாட்சி தூக்கி நிறுத்துகிறது. அதனால்தான் பொய்ச் சாட்சி சிறு கடைகளை அதிகம் காயப்படுத்துகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்காக 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அப்போது அது கட்டாயமாக்கப்படவில்லை.

மொழித் தடையும் மெல்லத் தளர்ந்தது. 2017 ஆகஸ்டில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளில் கூகுள் குரல்வழித் தேடலைச் சேர்த்தது. 2021 ஜனவரியில் ஆங்கிலத்தில் பதிவான இடப் பெயர்களைத் தமிழ் உட்படப் பத்து மொழிகளின் எழுத்துகளில் காட்டத் தொடங்கியது. இந்தியச் சிறு தொழில்களை இணையத்துக்குக் கொண்டுவரவென்று 2017இல் கூகுள் இலவசமாகத் தந்த எளிய வலைத்தள வசதி மட்டும் நிலைக்கவில்லை. 2024 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. அதையே தங்கள் ஒரே தளமாக வைத்திருந்த கடைக்காரர்கள் வேறு தளம் அமைத்து, பதிவில் இருந்த இணைப்பைத் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.