வில்லன் முதல் தவில்காரர் வரை: டி.எஸ். பாலையாவின் நடிப்புத் தடம்

சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் கோயில் பொங்கல் என்றால் விடிய விடிய நாடகம் நடந்த காலம் உண்டு. ‘வள்ளித் திருமண’த்துக்கு முருகன் ஓர் ஊரிலிருந்து வருவார், வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் இருவருக்கும் சந்திப்பு. ஸ்பெஷல் நாடகம் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பாட்டும் வசனமும் தந்தவர்களில் முதன்மையானவர் தூத்துக்குடிப் பக்கத்துச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). பெரிய நடிகர்கள் மேடையில் தம் இஷ்டத்துக்குப் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பையன்களைப் பழக்கினார். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கினார்கள். பாட்டும் வசனமும் அடியோடு சேர்த்துப் பாடமானது.

அந்தக் கம்பெனி நாடக மரபிலிருந்து திரைக்கு வந்த குணச்சித்திர நடிகர்களில் தென்மாவட்டத்தாருக்குத் தனி இடம் உண்டு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வி.கே. ராமசாமி, செங்கோட்டையிலிருந்து எஸ்.வி. சுப்பையா, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து டி.எஸ். பாலையா. மூவரில் வீச்சு அதிகம் பாலையாவுக்குத்தான் என்பது என் கணிப்பு. அந்த வீச்சு எப்படி உருவானது என்பதே இங்கு பேச்சு.

1914-இல் பிறந்த பாலையா சிறுவயதிலேயே நாடகத்துக்குப் போனவர். முதல் படம் 1936-இல் வந்த ‘சதி லீலாவதி’. எஸ்.எஸ். வாசனின் கதை, இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம், அதுவும் சின்ன வேடம். பாலையாவுக்கோ கதாநாயகனைக் குடிக்குப் பழக்கிக் குடும்பத்தைக் குலைக்கும் முழு வில்லன் வேடம். மறு ஆண்டு ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி ருத்ரசேனன். இளங்கோவனின் வசனம் பேசப்பட்ட படம் அது. பாட்டுக்காகவே ஜனங்கள் படம் பார்த்த காலத்தில், பாடாமல் பேசியே நிற்க வேண்டிய வேலை வில்லனுடையது. பாலையாவின் பேச்சு அங்கேதான் தீட்டப்பட்டது என்று கொள்ளலாம். சொல்லின் கடைசியை இழுப்பார், நடுவில் நிறுத்துவார், எதிராளி பதில் சொல்ல வாயெடுக்கும்போது மிச்சத்தைப் போடுவார். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கப் பழகியவரின் தாளம் இது.

வில்லன் வேடம் அவரை விடவில்லை. ‘மதுரை வீரன்’ (1956) படத்தில் எம்.ஜி.ஆருக்கு எதிராக நரசப்பன். இடையில் அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949) படத்தில் கதாநாயகனின் தோழன் மணியாக வந்ததைச் சிலரே நினைவு வைத்திருக்கிறார்கள். திருப்பம் என்று நான் கருதுவது ‘பாகப்பிரிவினை’ (1959). அண்ணன் வைத்தியலிங்கமாகப் பாலையா, தம்பி சுந்தரலிங்கமாக எஸ்.வி. சுப்பையா. வீட்டை இரண்டாக்கும் சுவர் எழும்பும் கதையில் பாலையா கெட்டவர் அல்ல. மனைவி பேச்சையும் தம்பி பாசத்தையும் ஒருசேரச் சுமக்கும் மூத்தவர். இதை இயக்கிய பீம்சிங்கின் பாணிக் குடும்பப் படங்கள் பெருகியபோது வில்லனுக்கு வேலை குறைந்தது, பெரியவர்களுக்கு வேலை கூடியது. வயதும் ஒத்துழைத்தது.

1964, ‘காதலிக்க நேரமில்லை’. படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ், அப்பா விஸ்வநாதனுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. காற்று, கதவு, காலடி எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. பாலையா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். முதலில் ஒரு பணக்காரரின் அசட்டை; பிறகு கண் மட்டும் விரிகிறது; பிறகு உடம்பு ஒடுங்குகிறது. பேச வேண்டிய வசனம் சொற்பம். காட்சியின் சிரிப்பில் பாதிக்கு மேல் கேட்பவரின் முகத்தில் விளைகிறது. நாகேஷின் பெயரைச் சொல்லியே இதைப் புகழ்கிறோம்; கொஞ்சம் அநியாயம்தான்.

அடுத்த ஆண்டே ‘திருவிளையாடல்’. பாண்டியன் அவையில் சவால் விடும் ஹேமநாத பாகவதருக்குப் பாடல் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. உடம்பின் இறுமாப்பு பாலையாவுடையது. நிமிர்ந்த தலையும் அவையை அளக்கும் பார்வையும் முப்பது வருஷ வில்லத்தனத்தின் சேமிப்பு. இரவில் திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்டு, தன்னோடு போட்டியிடவிருக்கும் பாணபத்திரனுக்கு ஆகாதவன் என்று தள்ளப்பட்டவனே இப்படியா என்று அவர் கலங்கும் இடத்தில் அந்த இறுமாப்பு இறங்குகிறது. வில்லனாகப் பழகாத நகைச்சுவை நடிகர் இந்த வேடத்தில் வெறும் கேலிப்பொருளாகியிருப்பார். ‘காதலிக்க நேரமில்லை’ பணக்காரருக்கும் இதே விதி: முதலில் அகந்தையை நம்ப வைத்தால்தான் அது உடையும்போது சிரிப்பு வரும்.

‘பாமா விஜயம்’ (1967) அப்பாவிடம் அகந்தையே இல்லை. நடிகைக்காக மருமகள்கள் போடும் வேஷத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். மறு ஆண்டு ‘தில்லானா மோகனாம்பா’ளில் தவில் வித்வான் முத்துராக்கு. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம் (சிவாஜி) கோபத்தில் கொதிக்கும்போதெல்லாம் அருகில் இருந்து சமாளிப்பவர். சிவாஜியின் ஆவேசத்தோடு அவர் போட்டி போடுவதில்லை. நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியில் தவில் நுழைவதைப் போல, ஒரு முனகல், ஒரு பார்வை, ஒரு கிண்டல் என்று நுழைகிறார். 1972-இல் பாலையா காலமானார். மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் ‘கரகாட்டக்காரன்’, ‘சாட்டை’ முதலிய படங்களில் நடித்தார்.