விழித்திரைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மயக்க மருந்துப் பாதுகாப்பு

ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் நோயாகும். 1976 இல் கோ. வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இளங்குழந்தைகள் அசையாமல் இருப்பதில்லை என்பதால், விழித்திரைப் பரிசோதனையும் லேசர் சிகிச்சையும் பொதுவாக முழு மயக்கத்தில் செய்யப்படுகின்றன. இது பலமுறை தேவைப்படலாம்.

முன்னேற்பாடுகள்

வயிற்றிலுள்ள உணவு மூச்சுக்குழாயினுள் புகுந்துவிடாதிருக்க, திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரத்திற்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்திற்கு முன்பும் பொதுவாக நிறுத்தப்படுகின்றன. சளி, காய்ச்சல் இருப்பின் பெற்றோர் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இடர்கள்

கண்ணை அகற்றும் அறுவையில் கண் தசைகள் இழுபடும்போது இதயத்துடிப்பு திடீரெனக் குறையக்கூடும். இது கண்-இதய அனிச்சைச் செயல் எனப்படும். 1908 இல் விவரிக்கப்பட்டது. இழுப்பதை நிறுத்தினால் துடிப்பு பெரும்பாலும் சீராகும். இல்லையெனில் அட்ரோபின் செலுத்தப்படும். கண் தமனி வழியே புற்றுநோய் மருந்து செலுத்துகையில் மூச்சோட்டம் தடைபட்டு இரத்த அழுத்தம் வீழலாம். அதற்கு அட்ரினலின் ஆயத்தமாக வைக்கப்படுகிறது.

மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நீண்ட நேரமோ பலமுறையோ மயக்க மருந்து அளிப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் எச்சரித்தது. ஆயினும் இந்நோயில் சிகிச்சையைத் தாமதித்தால் பார்வையும் உயிரும் பறிபோகலாம். எனவே, தேவையான பரிசோதனைகளை ஒரே மயக்கத்தில் இணைத்துச் செய்வது விரும்பப்படுகிறது.