தேக்கி வைத்த மின்சாரம்

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டின்போது உழைக்கும் மக்கள் இதனை நன்குணர்ந்தனர். அதே ஆண்டுகளில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் காற்று வீசும் நேரமும் மின்சாரம் தேவைப்படும் நேரமும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. அறுவடைத் தானியத்தைக் குதிரில் இட்டு வைப்பதுபோல் மின்சாரத்தைத் தேக்கி வைக்க இயலுமா என்பதே அறிஞர்முன் நின்ற வினா.

கோவையின் தொழில் வளர்ச்சிக்கு அடிகோலியது 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம். அம்மின்சாரத்தால் பஞ்சாலைகள் பெருகின. பத்தாண்டுகள் கழித்து, 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. நாட்டின் வறுமை நீங்கத் தொழில்மயம் வேண்டும். அதற்கு மலிவும் மிகுதியுமான மின்சாரம் வேண்டும் என்று அவர் 1943இல் வலியுறுத்தினார். சட்ட மேதையாக மட்டுமே அவரை அறிந்தோர் இதனையும் அறிதல் நன்று.

மின்சாரத்தைத் தேக்கும் வழிகளுள் ஒன்று நம் மாவட்டத்திலேயே உள்ளது. ஆனைமலையில் 1987 முதல் இயங்கிவரும் காடம்பாறை நிலையம், தேவை குறைந்த நேரத்தில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்து நீரை மேலேயுள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறது. தேவை மிகும் நேரத்தில் அந்நீரே கீழிறங்கி மின்சாரமாகிறது. அதன் திறன் 400 மெகாவாட்.

மற்றொரு வழி மின்கலம். இத்துறை ஆய்வுக்கென வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்கு 1948இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது முதல் மின்கலம் ஆக்குவது வரை அதன் ஆய்வுகள் விரிந்தன. வானிலை அறிஞர் அன்னா மாணி, நாட்டின் எப்பகுதியில் எவ்வளவு சூரிய ஆற்றல் கிடைக்கிறது என்னும் அளவீடுகளைத் தொகுத்து 1980இல் நூலாக வழங்கினார். அளவறியாமல் ஆற்றலைத் திட்டமிட இயலாதன்றோ!

லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று தங்குகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இன்று லித்தியத்தினும் எளிதாகக் கிடைக்கும் சோடியத்தைக் கொண்டு மின்கலம் செய்ய உலகெங்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இவ்வாய்வுக் கூடங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்வர் என்பதே நாம் எண்ண வேண்டுவது. காரைக்குடியில் 1988 முதல் வேதி, மின்வேதிப் பொறியியலில் பட்டப்படிப்பு நடந்துவருகிறது. பட்டியல் சாதி ஆய்வு மாணவர்க்குத் தேசிய உதவித்தொகையும் உண்டு. வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. அங்குச் செல்லும் வழியைப் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் காட்டுதல் வேண்டும். மின்கம்பி நம் தெருவிற்கு வருவதற்காகக் காத்திருந்தோம். அம்மின்சாரத்தை ஆக்கும் அறிவுக்காகவும் காத்திருத்தல் ஆகாது.