விரிசலை எண்ணிய கதை

மல்லசமுத்திரம் பக்கம் கிணறு வெட்டும்போது பாறையில் விரிசல் தென்பட்டால் சந்தோஷம்தான். சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் கிடப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. அதற்குள் தண்ணீர் ஓடுவது விரிசல் வழியாகத்தான். ஆனால் அதே விரிசல் அணை கட்டுபவர்களுக்கு எமன்!

1959 டிசம்பர் 2 இரவு, பிரான்ஸ் நாட்டின் மால்பாசே அணை உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கான்கிரீட்டில் குறை இல்லை. அணையைத் தாங்கிய இடது கரைப் பாறை நகர்ந்துவிட்டது. அதுவும் நைஸ் பாறைதான்! சிறு துண்டை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தால் மலையின் பலம் தெரியாது என்பது அப்போது நன்றாக உறைத்தது. 1962ல் சால்ஸ்பர்க் நகரில் சர்வதேசப் பாறை இயக்கவியல் சங்கம் பிறந்தது.

சரி, விரிசலை எப்படி அளப்பது? அமெரிக்கப் பேராசிரியர் டான் டீர் 1964ல் எளிய வழி சொன்னார். துளையிட்டு எடுத்த உருளைக் கல்லில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளத்தை மட்டும் கூட்ட வேண்டும். அது துளையிட்ட நீளத்தில் எத்தனை சதவீதம் என்பதே ஆர்.க்யூ.டி. 90க்கு மேல் என்றால் மிக நல்ல பாறை, 25க்குக் கீழ் என்றால் மிக மோசம்.

துளை போடாமலே இதைக் கணிக்க முடியுமா? 1976ல் பிரீஸ்ட், ஹட்சன் இருவரும் புள்ளியியலைத் துணைக்கு அழைத்தார்கள். பாறை முகத்தில் நாடா பிடித்து விரிசல்களின் இடைவெளியை அளந்தார்கள். கடைக்கு வாடிக்கையாளர்கள் தற்செயலாக வரும் நேர இடைவெளிக்குப் பொருந்தும் அதே அடுக்குக்குறிப் பரவல் இங்கேயும் பொருந்தியது! மீட்டருக்கு 10 விரிசல் என்றால் ஆர்.க்யூ.டி. சுமார் 74, 20 என்றால் சுமார் 41.

ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. எல்லாத் துண்டும் 11 செ.மீ. என்றால் 100 மதிப்பெண், 9 செ.மீ. என்றால் பூஜ்யம்! செங்குத்தான துளை, செங்குத்தான விரிசலைத் தொடாமலே போய்விடலாம். அதனால்தான் பீனியாவ்ஸ்கி 1973லும், பார்ட்டன் குழுவினர் 1974லும் தந்த முறைகளில் ஆர்.க்யூ.டி. ஒரு பகுதி மட்டுமே. விரிசலின் சொரசொரப்பு, நீர்க்கசிவு ஆகியவற்றுக்கும் அங்கே மதிப்பெண் உண்டு.

விரிசலில் தண்ணீர் கசிகிறதா? கிணறு வெட்டுபவர் முதலில் பார்ப்பது அதைத்தானே!