திரும்பி வரும் நோயின் வரலாறு

“திரும்பி வந்துடுச்சா? அப்போ அவ்வளவுதான்.” மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. ஒரு காலத்தின் மருத்துவம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அந்தக் காலம் எப்போது முடிந்தது என்பதே என் கேள்வி.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு அடித்தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றினார். நோய் ஓரிடத்திலிருந்து படிப்படியாக நகர்கிறது என்று அன்று நம்பினார்கள். எனவே அது திரும்பினால் போதுமான அளவு வெட்டவில்லை என்று பொருள். அதே காலத்தில் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் வேறு வழியில் யோசித்தார். 1895இல், நோய் திரும்பி, இனி அறுக்க வழியில்லை என்ற நிலையில் வந்த 33 வயதுப் பெண்ணின் சூலகங்களை அவர் அகற்றினார். கட்டிகள் சுருங்கின. அப்பெண் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஹார்மோன் சிகிச்சையின் தொடக்கம் அதுதான்.

1971இல் பெர்னார்ட் ஃபிஷர் தொடங்கிய ஆய்வு ஹால்ஸ்டெட்டின் நம்பிக்கையை உடைத்தது. அதிகமாக வெட்டப்பட்ட பெண்கள் அதிக நாள் வாழவில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே சில செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் வேறிடம் போயிருக்கலாம். “சாப்பாட்டுல கவனமா இல்ல, அதான் திரும்பிடுச்சு” என்று நோயாளி மேல் பழி போடுகிறோமே, அதற்கும் இதுவே பதில்.

பீட்சனின் வழி எல்லாருக்கும் உதவவில்லை. சில கட்டிகள் ஹார்மோனுக்கு அசையாமல் மூர்க்கமாக வளர்ந்தன. 1987இல் டென்னிஸ் ஸ்லேமன் குழு ஒரு காரணத்தைக் கண்டது: ஹெர்-2 மரபணுவின் பிரதிகள் பெருகிய கட்டிகளில் நோய் சீக்கிரம் திரும்பியது. அந்தப் புரதத்தையே குறிவைத்த ஹெர்செப்டின், பரவிய நோய்க்கான மருந்தாக 1998இல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆரம்ப நிலை நோய்க்கு 2006இல்தான் வந்தது. அதாவது, ‘அவ்வளவுதான்’ என்று சொல்லப்பட்ட பெண்கள்தான் முதலில் தங்கள் உடலைச் சோதனைக்குக் கொடுத்தார்கள்.

இன்று நோய் திரும்பினால் முதல் கேள்வி ‘எங்கே?’. மார்பிலோ அக்குளிலோ மட்டும் என்றால், அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றால் குணப்படுத்தும் நோக்கத்தோடே சிகிச்சை தருவார்கள். தூர உறுப்புகளுக்குப் போயிருந்தால், கட்டுப்படுத்தி வாழ்நாளை நீட்டுவதே பெரும்பாலும் இலக்கு. அடுத்த கேள்வி ‘என்ன வகை?’. என் பெரியம்மாவுக்கு முதல் கட்டியில் இருந்த ஹார்மோன் ஏற்பி, ஐந்து வருடம் கழித்துத் திரும்பியதில் இல்லை. மறுபடி பயாப்சி எடுத்ததால்தான் அது தெரிந்தது. பழைய மருந்தையே தொடர்ந்திருந்தால் பயன் இருந்திருக்காது. ஹெர்-2 உள்ளவர்களுக்கு அந்தப் புரதத்தைத் தேடிப் போய்க் கீமோவை உள்ளே இறக்கும் டிரஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் இருக்கிறது. ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2வும் இல்லாத ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகைக்கு நெடுநாள் கீமோ மட்டுமே இருந்தது. இப்போது கட்டியில் பிடி-எல்1 புரதம் போதுமான அளவு இருந்தால் கீமோவோடு பெம்புரோலிசுமாப், பரம்பரை பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தால் ஓலாபரிப், கீமோவுக்குப் பிறகும் நோய் வளர்ந்தால் 2020இல் அனுமதி பெற்ற சாசிடுசுமாப் கோவிடெகான் என வழிகள் உள்ளன.

மருந்து இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஓராண்டுக்குள் 29 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். 48 விழுக்காட்டினர் குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் சிகிச்சைக்கே செலவிட்டிருந்தனர். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இ.பி.எஃப். பணத்தை எடுப்பதா, தாலிக்கொடியை விற்பதா என்று அவர்கள் முன்பே பேசியிருப்பார்கள்.

அந்தப் பேச்சில் பல வீடுகளில் நோயாளி மட்டும் இருப்பதில்லை. எங்கள் வீட்டிலும் மறைக்கத்தான் முடிவெடுத்தார்கள். பெரியம்மாவே கண்டுபிடித்துக் கேட்டார்: “உடம்பு யாருது? என்னுதா, ஒங்களதா?” அதன் பிறகு டாக்டரிடம் எல்லாக் கேள்விகளையும் அவரே கேட்டார். இந்த மருந்து எத்தனை மாதம் தரும், என்ன பக்க விளைவு, அரசாங்க மருத்துவமனையில் கிடைக்குமா, எப்போது நிறுத்தலாம் என்று.

கடைசிக் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. 1991இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடுகளுக்கே போய் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. கீமோவை நிறுத்திய பிறகுதான் அவர்களைக் கூப்பிட வேண்டும் என்றில்லை. நோய் திரும்பியது தெரிந்த நாளிலேயே விசாரித்து வைக்கலாம்.