கர்ணம் வீட்டுத் திண்ணை

2020 ஊரடங்கு சமயம், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகன் ஊருக்கு வந்துட்டான். "அப்பா, திண்ணையில ஒரு பக்கத்தை அடைச்சு ஆபீஸ் ரூம் ஆக்கிக்கிறேன்" என்றான். ஒரு மேசை, ஒரு நாற்காலி, இன்டர்நெட் லைன், கரண்ட் போனா தாங்க ஒரு இன்வெர்ட்டர். ரெண்டே நாள்ல ஆபீஸ் ரெடி.

வீட்டுக்குள்ள ஆபீஸ்ங்கிறது உங்களுக்குப் புதுசா இருக்கலாம். எங்க ஊருக்கு அது ரொம்பப் பழசு.

1980 வரைக்கும் எங்க கிராமத்து ஆபீஸே கர்ணம் வீட்டுத் திண்ணைதான். வெள்ளைக்காரன் காலத்து 1895-ம் வருஷச் சட்டப்படி கிராம உத்தியோகம் பரம்பரை உரிமை. பின்னால் சட்டத்தில் அந்த உரிமை போச்சு. ஆனா எங்க ஊர்ல திண்ணை மாறலை. ஒரு சாய்வு மேசை, மைக்கூடு, பெரிய தகரப் பெட்டி. பெட்டிக்குள்ள துணியில் கட்டின கணக்குகள். யார் பேரில் எவ்வளவு நிலம் என்பதற்குச் சிட்டா. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்பதற்கு அடங்கல். மொத்த ஊரும் அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது.

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க எங்க அப்பாவுக்கு அடங்கல் நகல் வேணும். நானும் கூடப் போனேன். முதல் தடவை "ஐயா தூங்குறாங்க". அடுத்த தடவை "வீட்டுல விசேஷம்". மூணாவது தடவை கிடைச்சுது. மூணு தடவையும் அப்பா துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வாசல்லதான் நின்னார். திண்ணையில் ஏறலை, ஏறச் சொல்லவும் ஆளில்லை. கர்ணத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சொற்பச் சம்பளத்துக்குத் தன் வீட்டையே ஆபீஸா விட்டிருந்தார். ஆனா ஆபீஸ் வீட்டுக்குள்ள இருந்தா, வர்றவன் மனுதாரர் இல்லை, தயவுக்கு வந்த ஆள் ஆயிடுறான்.

1980 நவம்பர் 14-ல் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு இந்தப் பதவிகளை ஒழிச்சது. மாநிலம் முழுக்க சுமார் 23,000 பேர் வேலை போச்சு. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1982-ல் சட்டம் செல்லும்னு தீர்ப்பாச்சு. வி.ஏ.ஓ. வந்தார். கணக்குகள் வீட்டை விட்டு வெளியே வந்தது.

இப்ப பட்டா, சிட்டா எல்லாம் ஆன்லைன்ல இருக்கு. சாயங்காலம் ஆனா "தம்பி, ஒரு சிட்டா எடுத்துக் குடு"ன்னு ஊர்க்காரங்க என் மகனைத் தேடி வர்றாங்க. ஒருநாள் வயல்லேருந்து வந்து பார்க்கிறேன், ஒரு பெரியவர் துண்டைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு எங்க வாசல்ல நிக்கிறார். உள்ளே இவன் மீட்டிங்கில் இருக்கான். கதவு சாத்தியிருக்கு.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சு. அவரைக் கையைப் பிடிச்சுத் திண்ணையில உட்கார வெச்சேன். மறுநாளே அங்கே ஒரு பெஞ்சும் தண்ணிப் பானையும் வெச்சாச்சு.

வீட்டுல ஆபீஸ் போடுறவங்க மேசையும் நாற்காலியும் பார்த்துப் பார்த்து வாங்குறீங்க, சரி. வர்றவங்க உட்கார ஒரு இடத்தை முதல்ல போடுங்க.